எட்டுக் கட்டத்துக்குள் ண

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துக் கணினித் திரையில் எழுத்துக்கு வளைவு என்று ஒன்று கிடையாது. எல்லாமே கட்டம். இங்கிலீஷ் எஸ் ஒரு மாடிப்படி. ஓ, மூலை வெட்டிய பெட்டி. காய்கறி வாங்கும் பாசார் பக்கத்து வீடியோ கேம் கடையில் காசு போட்டு விளையாடினோமே, அந்த மெஷின்களில் ஆட்டம் முடிந்துவிட்டது என்று நம்மைத் துரத்திய எழுத்தும் அப்படித்தான் இருந்தது. அதை யாரும் அழகு என்று நினைக்கவில்லை. வேறு வழியில்லாமல் அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது பிள்ளைகள் அதையே வேண்டுமென்று தேடிப் போகிறார்கள். டீ சட்டையில் கட்ட எழுத்து, காப்பிக் கடைப் பலகையில் கட்ட எழுத்து. என் மகள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னக் கம்பெனியில் கைப்பேசி விளையாட்டுகள் செய்கிறாள். போன மாதம் சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தி, "ம்மா, எங்க கேம்ல தமிழ் போடறோம். எழுத்து சரியா இருக்கான்னு கொஞ்சம் பாரேன்," என்றாள். பார்த்தேன். கட்டம் கட்டமாக, பச்சை நிறத்தில், பழைய கணினி போலவே இருந்தது. ஆனால் ‘கண்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘கன்’ என்று இருந்தது. ‘வண்டி’யிலும் அதே கதை. மூன்று சுழி எங்கேயும் இல்லை.

"இது ன. ண எங்க?"

"அந்த சைசுல அது வராதும்மா. சின்ன எழுத்துதானே. படிக்கறவங்களுக்குப் புரியும்லா."

எனக்கு வந்த கோபத்தில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஒரு எழுத்துக்கு இவ்வளவா என்று அவள் விழித்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ஒரு எழுத்தோடு எங்கள் வீட்டில் ஒரு பள்ளி விடுமுறை முழுக்க மல்லுக்கட்டியது அவளுக்கு எப்படித் தெரியும்? உங்களிடம் சொன்னால் பாதியாவது புரியும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. கிள்ளானிலிருந்து போர்ட் கிள்ளான் போகும் சாலையை ஒட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வரிசை வீடு. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். பதினேழு வயது அக்கா, பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஐந்தாம் படிவத்தை எழுதிவிட்டு ரிசல்டுக்குக் காத்திருந்தாள். வருடக் கடைசி மழை. துணி காயாமல் ஹாலுக்குள்ளேயே கொடி கட்டியிருக்கும். வீடு பூராவும் ஈரத்துணி வாடையும் கொசுவத்திப் புகையும். சாலையில் கொள்கலன் லோரி போகும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். அந்தச் சத்தம் இல்லாத இடத்தில் எனக்கு இன்றும் சரியாகத் தூக்கம் வராது.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பிரிக்பீல்ட்ஸில் டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்த்தார். ஒரு சனிக்கிழமை கொட்டுகிற மழையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்சீட்டில் குப்பை பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டிய ஒரு பெட்டி. அவர் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தார். பெட்டி மேல் ஒரு துளி படவில்லை.

"என்னடா தம்பி, ரேடியோவா?" என்றாள் அம்மா.

"கம்ப்யூட்டர்க்கா. ரிப்பேருக்குக் கொடுத்த ஆளு திரும்பி வரவே இல்ல. முதலாளி இடத்த அடைக்குதுன்னு தூக்கிப் போடச் சொன்னாரு. பெரிய பிள்ளை சும்மாதானே இருக்கு, கத்துக்கட்டும்."

கம்ப்யூட்டர் என்றதும் நான் சுவர் உயரத்துக்கு ஒன்றைக் கற்பனை செய்துவிட்டேன். வந்தது ஒரு கணக்குப் புத்தகம் அளவுக்குத்தான் இருந்தது. பட்டன்கள் ரப்பரில், அழுத்தினால் அழிரப்பரைக் கிள்ளுகிற மாதிரி இருக்கும். திரை கிடையாது, எங்கள் டிவிதான் அதற்குத் திரை. எழுதியதைப் பத்திரப்படுத்த, பாட்டுக் கேட்கிற கேசட் பிளேயரைப் பக்கத்தில் வைத்து ஒயரால் இணைக்க வேண்டும். ப்ளே பட்டனை அழுத்தினால் அது கீச்சென்று ஒரு சத்தம் போடும். பூனை வாலை மிதித்துக்கொண்டே நிற்பது போன்ற சத்தம். அது ஓய்ந்ததும் கேசட்டில் பதிந்திருந்த ஆட்டம் திரையில் வரும்.

அப்பாவுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. பகல் ஷிப்ட் முடிந்து வந்து செய்தி பார்க்க உட்கார்ந்தால், டிவியின் பின்பக்கத்து ஒயர் வேறு எதிலோ இருக்கும். வாரம் ஒருமுறை வரும் தமிழ்ப் படத்துக்கு முன்னால் ஒயரை மாற்றிவிட வேண்டும் என்று ஒப்பந்தம். அதில் பாதி நாள் சண்டை.

மாமாதான் அக்காவுக்கு ஆரம்பப் பாடம் சொல்லிக்கொடுத்தார். அவள் பெயரை இங்கிலீஷில் அடிக்கச் சொன்னார். திரையில் வந்தது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தமிழ்ல எப்படி மாமா வரும்?" என்றாள்.

"வராதுலா. எட்டுக்கு எட்டு கட்டம். அதுக்குள்ள அவங்க எழுத்து அடங்கும். நம்ம எழுத்து எங்க அடங்கும்? சுத்திச் சுத்திப் போவுதே."

மாமா அதை ஒரு வருத்தமும் இல்லாமல், மழை வரும் என்பது போலச் சொன்னார். அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

பெட்டியோடு வந்த புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. நமக்கு வேண்டிய உருவத்தை நாமே செய்துகொள்ளலாம் என்று அதில் போட்டிருந்தது. எட்டு வரி, வரிக்கு எட்டுக் கட்டம். எந்தக் கட்டத்தில் வெளிச்சம் வேண்டுமோ அதைக் கறுப்பாக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வரிக்கும் கணக்குப் போட்டு ஒரு எண் கண்டுபிடித்து, அந்த எட்டு எண்களையும் கணினிக்குக் கொடுக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு குட்டிப் பேயின் படம் இருந்தது. அக்கா பேயை விட்டுவிட்டு ட போட்டாள். அது பதினைந்து நிமிட வேலைகூட இல்லை. நெட்டாக ஒரு கோடு, கீழே படுக்கையாக ஒரு கோடு. திரையில் வெள்ளையாக ஒரு ட வந்து நின்றபோது அவள் என் தலையைப் பிடித்து டிவி பக்கம் திருப்பினாள். ப வந்தது. ம, ய வந்தன. அன்றைக்குச் சாயங்காலமே ‘படம்’ என்று போட ஆசைப்பட்டு, புள்ளி வைக்க இடம் இல்லாமல் ‘படம’ என்று நின்றது.

அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது. புள்ளிக்காக மேலே ஒரு வரி, புள்ளி எழுத்தோடு ஒட்டாமலிருக்க இன்னொரு வரி. கு, சு, மு என்றால் கீழே இறங்க இடம் வேண்டும். கி என்றால் மேலே வளைக்க இடம் வேண்டும். மேலேயும் கீழேயும் விட்டுக்கொடுத்தால் நடுவில் எழுத்துக்கு என்ன மிச்சம்? முதலில் போட்ட ட, ப, ம எல்லாவற்றையும் அழித்துவிட்டு, குள்ளமாகத் திரும்பப் போட்டாள். அதுவும் சரிப்படாமல் இன்னொரு முறை. கணினி கொஞ்ச எழுத்துகளுக்குத்தான் இடம் கொடுத்தது. நம் எழுத்துகளோ வந்துகொண்டே இருந்தன. இங்கிலீஷ் எழுத்துகள் இருந்த இடத்தையே எடுத்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தாள். அதற்கப்புறம் எது தப்பாகப் போனாலும், கணினி இங்கிலீஷில் சொல்ல வந்த பிழைச் செய்தி தமிழ் எழுத்துக் குப்பையாகத் திரையில் வந்து எங்களைத் திட்டும்.

என் வேலை வாசிப்பது. சமையலறை வாசலில் என்னை நிற்க வைப்பாள். ஹாலுக்கு அந்தப் பக்கம் டிவி. ஒரு எழுத்தைப் போட்டுவிட்டு, "என்ன எழுத்து?" என்பாள்.

"ற."

"நல்லாப் பாரு."

"ற தான்க்கா."

"அது ஞ."

பென்சிலால் தன் தொடையிலேயே குத்திக்கொள்வாள். திரும்பவும் கட்டம், திரும்பவும் எண்கள். நான் பொய் சொல்லக்கூடாது என்பது சட்டம். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஒருநாள் அவள் தாளை முன்கூட்டியே எட்டிப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே சரியாகச் சொன்னேன். கண்டுபிடித்துவிட்டாள். அன்று முழுக்க என்னுடன் பேசவில்லை.

வாசலில் நிற்கச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. டிவிக்குப் பக்கத்தில் போனால் வெறும் செங்கல் அடுக்கியது போலத்தான் தெரியும். தள்ளிப் போகப் போக, அந்தப் பழைய டிவியின் மங்கலில் செங்கற்களின் மூலைகள் கரையும். வாசலில் நின்றால் மூலையே இருக்காது. க உண்மையாகவே சுழிக்கும். அக்கா எழுத்துகளை அந்தத் தூரத்துக்காகச் செய்தாள்.

ண மட்டும் வழிக்கு வரவில்லை. இரண்டு சுழிக்குத்தான் எட்டுக் கட்டத்தில் இடம். மூன்றாவது சுழியைத் திணித்தால் மூன்றும் அடைந்துபோய் ஒரே கட்டி. சுழியைத் திறந்துவிட்டால் கம்பி வேலி. நான் வாசலிலிருந்து ‘ன’ என்பேன், ‘ஊ’ என்பேன், ஒருநாள் ‘பல்லு’ என்றேன். கடைசியில் அதற்கு மட்டும் இரண்டு இடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்தாள். ண வந்தது. ஆனால் மற்ற எழுத்துகளுக்கு நடுவே அது, பஸ் சீட்டில் குண்டு ஆள் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு கட்டம் குறைப்பாள், ஒரு கட்டம் கூட்டுவாள். இடையில் இடி இடித்து மின்சாரம் போகும். கேசட்டில் ஏற்றி வைக்காதது எல்லாம் காற்றோடு போகும். இருட்டிலும் அவள் கட்டம் போட்ட தாளை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்திருப்பாள். மெழுகுவர்த்தி கொண்டுவரும் அம்மா, "கண்ணு போயிடும் பிள்ளே, நீ என்ன பரீட்சையா எழுதற?" என்பாள்.

அப்பாவின் திட்டம் வேறு. துறைமுகத்தில் அவருக்குத் தெரிந்தவர் ஒரு கப்பல் கம்பெனி ஆபீஸில் இருந்தார். டைப்பிங் கற்றுக்கொண்டு வந்தால் அக்காவுக்கு இடம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார். அக்கா, கோலாலம்பூரில் கணினிப் படிப்பு சொல்லித்தரும் கல்லூரி ஒன்றின் விளம்பரத்தைப் பேப்பரிலிருந்து கத்தரித்து வைத்திருந்தாள். மாமா வீட்டில் தங்கிக்கொள்ளலாம் என்பது மாமா சொன்ன யோசனை. அப்பா கத்தவெல்லாம் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"எனக்கு இது பாத்தா விளையாட்டு மாதிரிதான் இருக்கு. படிப்பா, விளையாட்டா, எனக்குத் தெரியாதும்மா. பெரிய வாத்தியார் வந்து பாக்கட்டும். அவர் உருப்படியான காரியம்னு சொன்னா, நான் ஒண்ணும் பேசமாட்டேன்."

பெரிய வாத்தியார் என்பது எங்கள் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். இரண்டு தெரு தள்ளி இருந்தார். தாமானில் கல்யாணப் பத்திரிகை அடிப்பதென்றாலும் அவர் பார்த்துப் பிழை திருத்திய பிறகுதான் அச்சுக்குப் போகும். அப்பா கேட்டது நியாயம் என்றே எல்லோருக்கும் பட்டது. அக்காவுக்கும்.

வெறும் எழுத்தைக் காட்டினால் போதாது என்று அவள் ஒரு ஆட்டம் செய்தாள். திரையின் மேலே ஒரு கிரேன். கரையில் எழுத்துகள் பெட்டி பெட்டியாக இருக்கும். திரையில் ஒரு படம் வரும். மரம், மீன், கண். அதற்குரிய எழுத்துகளைக் கிரேனால் தூக்கி வரிசையாகக் கப்பலில் இறக்க வேண்டும். வரிசை தப்பினால் கப்பல் ஒரு பக்கம் சாயும். சரியாக வைத்தால் ஹார்ன் அடித்துக்கொண்டு கிளம்பும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு என்று சொன்னாள். நான் பெரிய வகுப்பு; ஆனாலும் கப்பலைக் கிளப்பிக்கொண்டே இருப்பேன். பசியாறக்கூட எழுந்து போக மாட்டேன்.

தலைமையாசிரியர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி போல வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் மடக்குக் குடை. அம்மா உருளைக்கிழங்கு வைத்துக் கறிபாப் பொரித்திருந்தாள். மாமாவும் கடையில் சொல்லிவிட்டு வந்திருந்தார். அக்கா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

வீட்டில் நல்ல நாற்காலி ஒன்றுதான். விருந்தாளிக்குக் காற்று வர வேண்டும் என்று அப்பா அதைத் தூக்கிக்கொண்டுபோய் விசிறிக்கு நேர் கீழே போட்டார். விசிறி டிவிக்கு முன்னால்தான் இருந்தது. தலைமையாசிரியர் உட்கார்ந்தபோது அவர் முழங்காலுக்கும் திரைக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

நான் வழக்கம்போலச் சமையலறை வாசலில் நின்றேன். அங்கிருந்து எல்லாம் சரியாக இருந்தது. கிரேன் வந்தது, படம் வந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் முன்னால் குனிந்தார். நான் வாசலிலிருந்து ஓரடி முன்னால் வந்தேன்.

"சார், கொஞ்சம் தள்ளி இங்க வந்து..." என்று ஆரம்பித்தேன்.

அம்மா என் கையைக் கிள்ளினாள். "பெரியவங்க பாத்துகிட்டு இருக்காங்கள்ல. போ, தே கலக்கி வச்சிருக்கேன், எடுத்துட்டு வா."

போனேன். தட்டில் தேநீர்க் கிளாஸ்களை வைத்துத் தூக்கிக்கொண்டு வரும்போது அவர் பேச ஆரம்பித்திருந்தார்.

"நல்ல முயற்சிம்மா. கெட்டிக்காரப் பிள்ளை. அதில சந்தேகம் இல்ல." அவர் விரல் திரைமேல், கிட்டத்தட்ட ண மேலேயே இருந்தது. "ஆனா எழுத்துக்குன்னு ஒரு உருவம் இருக்கு இல்லையா. இது என்ன, உடைஞ்ச ஓடு மாதிரி இருக்கு. சுழி எங்க, வளைவு எங்க. நான் ஒண்ணாம் வகுப்புல ஒவ்வொரு பிள்ளை கையயும் பிடிச்சு வளைச்சு வளைச்சு எழுத வைக்கிறேன். இதைப் பாத்துட்டு வந்து எழுதினா கையெழுத்து என்னத்துக்கு ஆகும்?"

"வெறும் கட்டம்தானுங்களே சார். மெஷினு அப்படி," என்றார் மாமா.

"அதான் தம்பி நானும் சொல்றேன். மெஷினு அப்படி. அப்ப நம்ம எழுத்த எதுக்கு அதுக்குள்ள போட்டு நசுக்கணும்?"

அதில் பொல்லாத்தனம் ஒன்றும் இல்லை. அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அக்கா ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். எழுந்து வாசலில் வந்து நில்லுங்கள் என்று மாமா சொல்லியிருக்கலாம். நாற்காலியை நாலடி பின்னால் இழுத்திருந்தால் போதும். நான் தே தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அம்மா வந்து தட்டை வாங்கிக்கொண்டாள். அவர் கறிபாப் சாப்பிட்டார். அப்பாவுடன் சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேசினார். மழை வருவதற்குள் போய்விட வேண்டும் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அக்கா டிவியை அணைத்துவிட்டு, ஒயரைப் பிடுங்கி, அப்பாவின் செய்திக்காகப் பழைய இடத்தில் சொருகிவிட்டாள்.

ஜனவரியில் கிள்ளான் டவுனில் டைப்பிங் வகுப்பில் சேர்ந்தாள்.

அதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. கணினியைக் கடையில் விட்டுப் போன ஆள் திரும்பி வந்துவிட்டார். கடல் தாண்டி சபா மாநிலத்தில் வேலையாக இருந்தாராம். முதலாளி மாமாவைப் பிடித்து உலுக்க, மாமா வந்து அதே பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போனார். எங்களிடம் மிஞ்சியது கேசட் மட்டும். கணினி இல்லாமல் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் சில சாயங்காலங்களில் அதைச் சாதாரணமாக ஓடவிட்டு அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்பேன். அதற்குள் கப்பல் இருக்கிறது, க இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் போட்டால் ரேடியோவில் வரும் பக்திப் பாட்டு பாடியது. கேசட் பூஞ்சை பிடித்துக் கத்துகிறது, நல்ல கேசட் வீணாகிறதே என்று அம்மா அதில் பாட்டுப் பிடித்துவிட்டாள். நான் அழுத அழுகைக்கு அவளுக்குக் காரணமே புரியவில்லை. "பாட்டு நல்லாதானே இருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் உங்கள் வீட்டிலும் நடந்ததுதான். அக்கா கப்பல் ஆபீஸில் சேர்ந்தாள், கல்யாணம் ஆனது, பிள்ளைகள், ஓய்வு. அப்பாவும் போனார், அம்மாவும் போனாள். தலைமையாசிரியர் அதற்கெல்லாம் முன்பே. கோயில் வாசலில் சிவப்பு விளக்குப் புள்ளிகளாகத் தமிழ் ஓடுகிற பலகை வந்தது. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் கிடக்கும். நான் ஒவ்வொரு முறையும் நின்று பல்லைக் கடிப்பேன். அப்பாமேல் கோபம், அந்த நாற்காலிமேல் கோபம், தலைமையாசிரியர்மேல் கோபம். அக்கா ஏமாற்றப்பட்டாள் என்று அவளுக்கும் சேர்த்து நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அவளோ பலகையைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

மகளிடம் சண்டை போட்டதற்கு அடுத்த வாரம் கிள்ளானுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் பேப்பரை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தேன். நடந்ததைச் சொன்னேன். இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்றும் சொன்னேன்.

"எழுது. அப்பாவக் கெட்டவரா எழுதாத."

"உன்னப் படிக்க விடலையே."

"யார் சொன்னா?" அவள் நிமிரவில்லை. "அப்பா கேட்டாருடி. பெரிய வாத்தியார் வந்துட்டுப் போனதுக்கு மறுநாள் காலையில. நீ தூங்கிக்கிட்டு இருந்த. வேலைக்குக் கிளம்பி, பூட்ஸ் மாட்டிகிட்டே சொன்னாரு. ‘எனக்கு எழுத்தப் பத்தித் தெரியாது. கிரேன் நல்லா இருந்துச்சு. அசல் கிரேன் மாதிரியே சுமையோட கொஞ்சம் ஆடுச்சு. நீ போகணும்னா போ, நான் பாத்துக்கறேன்’னாரு."

கிள்ளிய தலையைப் பேப்பர் ஓரத்துக்குத் தள்ளினேன்.

"அப்புறம்?"

"நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"பெரிய வாத்தியார் சொன்னது சரின்னு பட்டுச்சு. உடைஞ்ச ஓடுன்னாரே. எனக்கே அப்படித்தான் தெரிஞ்சுச்சு. ராத்திரி கண்ண மூடினா கட்டம் கட்டமா வரும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரு கட்டம் இடிக்கும். அவரு சொன்னதும் அழுகை வந்துச்சு. அப்புறம் பாத்தா, அப்பாடா இனிமே இதப் பாக்க வேணாம்னு இருந்துச்சு. கோலாலம்பூர் போயி அங்கயும் இப்படித்தான்னா என்ன செய்யறது? அப்பா முகத்த எப்படிப் பாக்கறது? டைப்பிங்னா எழுத்து ஏற்கெனவே இருக்கும், தட்டினாப் போதும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ."

"உனக்குப் பதினொரு வயசு. உன்கிட்ட என்னத்தச் சொல்றது?"

நாற்பது வருடமாக நான் யார்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேனோ, அவர் பூட்ஸ் மாட்டிக்கொண்டே வழியைத் திறந்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அந்தக் கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? எனக்கு மேசையைத் தட்ட வேண்டும் போல இருந்தது. கையில் ஒரு நெத்திலி நசுங்கியது.

"ண நல்லாவே வரல," என்றாள் அக்கா, தனக்குள் சொல்லிக்கொள்வது போல. "கடைசி வரைக்கும் வரல."

"வந்துச்சுக்கா."

"நீதானே பல்லுன்ன."

"அது முன்னாடி. கடைசியா போட்டியே, அது நல்லா இருந்துச்சு. எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. வாசல்ல நின்னு அதையேதான் பாத்துகிட்டு இருப்பேன். கப்பல் கிளம்பினதும் அது போயிடுதேன்னுதான் திரும்பத் திரும்ப விளையாடுவேன்."

அக்காவின் கை நின்றது.

"நீ சொல்லவே இல்லையே."

"நீ கேக்கலையே. என்ன எழுத்துன்னுதானே கேட்ட. ண ன்னு சொன்னேன்."

வெளியே லோரி ஒன்று போனது. அவள் அது போய் முடியும்வரை கையிலிருந்த நெத்திலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேரப்பிள்ளை எடுத்துவிட்டவள். கப்பல் கம்பெனியில் எத்தனையோ பேரை அதட்டி வேலை வாங்கியவள். பதினேழு வயதுக் குரலில் கேட்டாள்.

"நெஜமா நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு," என்றேன். கோபமாகத்தான் வந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த நெத்திலியை எடுத்தாள்.